கிச்சனை எவ்வளவு தூரம் மாத்தணும்? உடைக்கிறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிக்கிறது எப்படி

கிச்சன் மாத்தணும்னு தோணினதும் நிறைய பேர் முதல்ல போய் நிக்கிறது மாடுலர் கிச்சன் ஷோரூம்லதான். அங்க கலர் கார்டு காட்டுவாங்க, அக்ரிலிக்கா லேமினேட்டா, கைப்பிடி வச்சதா வைக்காததான்னு பேச்சு போகும், கடைசியில ஒரு கொட்டேஷனை கையில கொடுப்பாங்க, சாதாரண அப்பார்ட்மெண்ட் கிச்சனுக்கே ரெண்டு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் வர்றது இப்போ சகஜம். இதுல எவ்வளவு வேலை நம்ம வீட்டுக்கு நிஜமாவே தேவைன்னு மட்டும் அங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதை நீங்கதான் வீட்டுலயே உக்காந்து முடிவு பண்ணிட்டு போகணும். சென்னையில அப்பார்ட்மெண்ட், தனி வீடு ரெண்டுலயும் இந்த வேலைகளை பக்கத்துல இருந்து பார்த்துட்டு வர்றேன், அதுல தெரிஞ்சதை வச்சு சொல்றேன், மத்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எவ்வளவு மாத்துறோம்ங்கிறதை நான் எவ்வளவு உடைக்கிறோம்னு வச்சுதான் பார்ப்பேன். ஒண்ணுமே உடைக்காம டேப் மாத்தி, லைட் போட்டு, பெயின்ட் அடிச்சு, டைல்ஸ் இடுக்குல இருக்கிற கறுப்பை சுரண்டி புதுசா கிரௌட் போட்டு முடிக்கிறது ஒரு வகை. மேடை, டைல்ஸ் எல்லாம் அப்படியே இருக்க, கீழே கதவும் மேலே அலமாரியும் மட்டும் புதுசு பண்றது இன்னொண்ணு. மேடைக் கல்லையே எடுத்துட்டு உயரம், சிங்க், அடுப்பு இருக்கிற இடம் எல்லாம் மாத்துறது அதுக்கு மேல. கடைசியா சுவத்து டைல்ஸை கொத்தி, உள்ள இருக்கிற பைப்பு வயரையெல்லாம் பிடுங்கி, தரையில இருந்து திரும்ப பண்றது. ஒவ்வொரு படி ஏறும்போதும் செலவு மட்டும் ஏறல, தூசி, நாள் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க கூட மனஸ்தாபம் எல்லாம் சேர்ந்து ஏறுது, அதனால அடுத்த படிக்கு போக ஒரு உருப்படியான காரணம் இருக்கணும். பழசா தெரியுது, அழகா இல்லைங்கிறது மட்டும்தான் காரணம்னா முதல் ரெண்டு படியிலயே அது தீர்ந்துடும், அதுக்காக ஹாமர் எடுக்க வேண்டாம்.

முதல் வேலையா ஒரு நோட்டை கிச்சன்லயே வச்சு, சமைக்கும்போது எரிச்சல் வர்ற விஷயத்தை அப்பப்போ எழுதுங்க, ஒரு ரெண்டு வாரம் போதும். சமைக்கிறவங்க எல்லாரும் எழுதணும், பாத்திரம் தேய்க்க வர்ற அக்காகிட்டயும் கேளுங்க, அவங்களுக்குத்தான் சிங்க் பத்தி முழுசா தெரியும். எழுதினதை பின்னாடி பிரிச்சுப் பாருங்க. "குக்கரை வெளிய எடுக்க நாலு பாத்திரத்தை இறக்கணும்" அப்படின்னா அது அலமாரி பிரச்சனை, ட்ராயர் போட்டா சரியாயிடும். "இடுப்பு வலிக்குது" அப்படின்னா மேடை உயரம். "மிக்சி போட்டா இண்டக்ஷனை ஆஃப் பண்ண வேண்டியிருக்கு" அது வயரிங். "சிங்க் பக்கத்து சுவர் எப்பவும் ஈரமா இருக்கு" அது உள்ள போற பைப். "காய் நறுக்க இடமே இல்ல" அப்படின்னு வந்தா மட்டும் கொஞ்சம் நிதானமா பாருங்க, பல வீட்டுல மேடை மேல மிக்சி, கிரைண்டர், ஆர்ஓ மெஷின், மைக்ரோவேவ், எண்ணெய் தூக்கு, நேத்து வாங்கின வாழைப்பழம்னு எல்லாம் குடியிருக்கும், அதுல பாதியை கீழயோ சுவத்துலயோ ஏத்தினாலே ரெண்டடி மூணடி இடம் கிடைச்சுடும், ஒரு பைசா செலவில்லாம.

இனிமே முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், தண்ணி. சுவத்துக்குள்ள இருக்கிற பைப் நல்லா இருக்கா இல்லையாங்கிறதுதான் உடைக்கிறதா வேண்டாமாங்கிறதை முடிவு பண்ணும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். 2000-க்கு முன்னாடி கட்டின வீடுகள்ல பெரும்பாலும் ஜிஐ பைப்தான் உள்ள ஓடும், இரும்புக்கு மேல துத்தநாகம் பூசினது, வருஷக்கணக்கா போர் தண்ணி ஓடி ஓடி உள்பக்கம் துருவும் உப்பும் படிஞ்சு ஓட்டையே சின்னதாயிடும், சில இடத்துல பொத்துக்கிட்டு சுவத்துக்குள்ளயே கசியும். இதை கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கிச்சன் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரூமுக்குள்ள போய் தரையில இருந்து ஒரு மூணு அடி உயரம் வரைக்கும் பாருங்க, பெயின்ட் உப்பி பொரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா சந்தேகப்படணும். கீழ் வீட்டுக்காரங்க சீலிங்ல மஞ்சக் கறை இருக்கான்னு கேளுங்க. டைல்ஸை விரல் முட்டியால தட்டிப் பாருங்க, டொக் டொக்னு பொள்ளலா சத்தம் வந்தா பின்னாடி பிடிப்பு விட்டுப்போச்சு. காலையில முதல் தடவை டேப் திறக்கும்போது வர்ற தண்ணி செம்மண் கலர்ல இருந்துட்டு கொஞ்ச நேரத்துல தெளிஞ்சா அது பைப் துரு.

தண்ணி கம்மியா வருதுன்னு உடனே பைப் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, டேப் மூக்குல ஒரு வலை மாதிரி ஏரேட்டர் இருக்கும், அதை கழட்டி வினிகர்ல ஊறவச்சு திரும்ப மாட்டிப் பாருங்க, சென்னைத் தண்ணிக்கு பாதி வீட்டுல பிரச்சனை அங்கதான் இருக்கும். அதே மாதிரி சிங்க்குக்கு கீழே ஈரம்னா முதல்ல அந்த வேஸ்ட் கப்ளிங், பாட்டில் ட்ராப், வளையுற பைப் இதுங்களைச் சுத்தி டிஷ்யூ பேப்பர் கட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க, வாஷர் போயிருந்தா சில நூறு ரூபாய்ல முடிஞ்சுடும்.

ஆனா உள்ள ஜிஐ பைப் கெட்டுப்போயிருக்குன்னு உறுதியாச்சுன்னா, அதுக்கு மேல புது அலமாரி மாட்டுறது பணத்தை தண்ணியில போடுறதுக்கு சமம். கேபினட் மாட்டி ஆறு மாசம் ஒரு வருஷத்துல பின்னாடி இருந்து கசிய ஆரம்பிக்கும், பிளைவுட் உப்பும், அதை கழட்டி சுவரை உடைச்சு பைப்பை மாத்தி திரும்ப மாட்டணும். அந்த நிலைமையில பாதி வேலை பண்றதை விட முழுசா கொத்தி சிபிவிசி பைப், அதாவது துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பைப் போட்டுடறது நல்லது. பணம் பத்தலைன்னா அழகு வேலையை தள்ளிப் போடுங்க, பைப்பை மட்டும் மாத்தி சுவரைப் பூசி மலிவான டைல்ஸ் ஒட்டி வச்சுக்கோங்க, அலமாரி அடுத்த வருஷம் பண்ணிக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு, பழைய பைப்பை சுவத்துக்குள்ளயே செத்ததா விட்டுட்டு ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு, புது பைப்பை சுவருக்கு வெளியே மேடைக்கு கீழ கிளாம்ப் போட்டு கொண்டுவர்றது. அலமாரிக்குள்ள மறைஞ்சுடும், நாளைக்கு ரிப்பேர் வந்தாலும் சுலபம், டைல்ஸை தொடவே வேண்டாம். பிளம்பர் தானா இதை சொல்ல மாட்டார், நீங்கதான் கேக்கணும். எப்படி பண்ணினாலும் சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி கைப்பம்ப் வச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணி, ஒரு ராத்திரி முழுக்க மீட்டர் முள் இறங்காம நிக்குதான்னு பார்த்துட்டுதான் கொத்தனாரை பூசச் சொல்லணும். மூடுறதுக்கு முன்னாடி பைப் போற வழியை பக்கத்துல டேப் அளவு வச்சு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி ஆணி அடிக்கும்போது அந்த போட்டோதான் காப்பாத்தும்.

கரண்ட் அடுத்தது. நம்ம பழைய வீடுகள்ல கிச்சனுக்கு ஒரு மிக்சி பாயிண்ட், ஒரு ஃபிரிட்ஜ் பாயிண்ட் அவ்வளவுதான் யோசிச்சிருப்பாங்க. இப்போ இண்டக்ஷன் ஸ்டவ் ஒண்ணே 2000 வாட்ஸ், அதாவது 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், அது கூட மைக்ரோவேவ், கெட்டில், ஏர் ஃபிரையர், டிஷ்வாஷர்னு ஒவ்வொண்ணா சேருது. ஸ்விட்ச் பாக்ஸ் தொட்டா சூடா இருக்கு, பிளக் ஓட்டையை சுத்தி மஞ்சளா கருகியிருக்கு, ரெண்டு சாமான் சேர்ந்து போட்டா எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) விழுதுன்னா நல்ல எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு ஒரு சாக்கெட்டை மட்டும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. 16 ஆம்ப்ஸ் பாயிண்ட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயராவது இருக்கணும், எர்த் வயர் உண்மையிலேயே இணைச்சிருக்கணும், சில வீட்டுல மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கும், பின்னாடி ஒண்ணுமே வந்திருக்காது. சந்தோஷமான விஷயம் என்னன்னா பழைய வயர் பிவிசி குழாய்க்குள்ள போயிருந்தா, குழாய் அடைபடாம இருந்தா, சுவரை உடைக்காமலே பழசை இழுத்துட்டு புது வயர் விட்டுடலாம். புது பாயிண்ட் வேணும்னாலும் மேல் அலமாரிக்கு கீழ சுவத்தோட ஒட்டி பட்டி மாதிரி கேசிங் ஓட்டி கொண்டு போகலாம், கண்ணுக்கு தெரியாது. அப்படியே டிபி பாக்ஸ்ல, அதாவது வீட்டோட மெயின் ஸ்விட்ச் பெட்டியில, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே இணைப்பை வெட்டுற ஸ்விட்ச்) இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா மத்த எந்த வேலைக்கும் முன்னாடி அதை போடுங்க. ஈரக் கையோட மிக்சி ஸ்விட்ச் போடுற இடம் இது, உயிர் சம்பந்தப்பட்டது.

தண்ணியும் கரண்ட்டும் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுட்டா நீங்க பெரிய உடைப்புல இருந்து தப்பிச்சுட்டீங்க. இனிமே பார்க்க வேண்டியது உடம்புக்கு அந்த கிச்சன் பொருந்துதாங்கிறது. நேரா நின்னு முழங்கையை மடக்குங்க, தரையில இருந்து முழங்கை வரைக்கும் அளந்து அதுல ஒரு நாலஞ்சு இஞ்ச் கழிச்சா அதுதான் உங்களுக்கு வேலை செய்ய சரியான மேடை உயரம், அஞ்சடி ஒரு இஞ்ச் இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் 33, 34 இஞ்ச் வரும். பழைய மேடைகள் பல 30 இஞ்ச்லயே கட்டியிருப்பாங்க, அதுல தினமும் ஒரு மணி நேரம் குனிஞ்சு நறுக்கினா இடுப்பு போயிடும். ஆனா இதுல ஒரு கணக்கு இருக்கு, மேடை மேல வைக்கிற சாதாரண ஸ்டவ்வே ஒரு அஞ்சு இஞ்ச் உயரம் வரும், அதுக்கு மேல பெரிய சட்டியோ இட்லிப் பானையோ வச்சா கை தோள் வரைக்கும் தூக்க வேண்டியிருக்கும், அதனால அடுப்பு இருக்கிற இடம் தாழ்வா இருக்கிறதுல தப்பில்லை, நறுக்கற இடம்தான் உயரணும். அப்போ மொத்த மேடையையும் உடைக்காம, நறுக்கற பகுதியில மட்டும் பழைய கல்லு மேல இன்னொரு கல்லை ஏத்தியோ, மூணு இஞ்ச் தடிமனான கட்டை வச்சோ சமாளிக்க முடியுதான்னு முதல்ல பாருங்க. மேடை ரொம்ப உயரமா இருந்து குறைக்கணும்னாதான் கட்டாயமா உடைக்கணும். முழங்கால் வலி இருக்கிற அம்மா, மாமியார் வீட்டுல சமைக்கிறாங்கன்னா கீழ் அலமாரியில குனிஞ்சு தலையை விட்டு தேடுற அமைப்பை ஒழிச்சு ட்ராயரா மாத்துறது இந்த மொத்த லிஸ்ட்லயும் அதிக பலன் கொடுக்கிற மாத்தம்னு நான் சொல்வேன். டேபிள் டாப் வெட் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல கனக்கும், அதுக்கு தூக்காம பயன்படுத்துற மாதிரி ஒரு நிரந்தர இடமும் பக்கத்துலயே ஒரு பாயிண்ட்டும் பிளான்லயே இருக்கணும், இதை ஷோரூம் டிசைன்ல யாரும் போட்டுத் தர மாட்டாங்க.

சிங்க்கை நகர்த்தணும்னு ஆசைப்படறவங்க அதுல என்ன அடங்கியிருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. தண்ணி வர்ற பைப்பை எங்க வேணா கொண்டு போகலாம், போற தண்ணிதான் சிக்கல். அதுக்கு சரிவு வேணும், ஒரு அடிக்கு கால் இஞ்ச் கணக்கு, எட்டடி தள்ளினா ரெண்டு இஞ்ச் இறக்கம் கொடுக்கணும், வழியில வளைவு கூடக் கூட எண்ணெய்ப் பிசுக்கும் சாதப் பருக்கையும் அங்கங்க தங்கி அடைக்கும். அப்பார்ட்மெண்ட்ல வெளிய இறங்குற கழிவுக் குழாய் எங்க இருக்கோ அந்த சுவத்தை ஒட்டியே சிங்க்கை ரெண்டு மூணு அடி நகர்த்துறது பிரச்சனை இல்ல, எதிர் சுவருக்கு கொண்டு போறதுன்னா நல்லா யோசிங்க. அடுப்பை நகர்த்துறது அதை விட சுலபம், வாஸ்துப்படி தென்கிழக்குல வரணும், கிழக்கு பார்த்து சமைக்கணும்னு வீட்டுல பெரியவங்க சொன்னா பெரும்பாலும் அடுப்பை மட்டும் மாத்தியே அவங்க மனசுக்கு நிம்மதி கொடுத்துடலாம், சிலிண்டர் டியூப் போற வழியை மட்டும் பார்த்துக்கோங்க. ரப்பர் ஹோஸ் ட்ராயருக்கு பின்னாடி நசுங்கற மாதிரியோ சுவத்துக்குள்ள மறைஞ்சோ போகக் கூடாது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டியது அது, கண்ணுல படணும். சிலிண்டரை கேபினட்டுக்குள்ள வைக்கிறீங்கன்னா கதவுல அடிப்பக்கம் காத்துப் போக ஓட்டை இருக்கணும், எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா கீழயே தேங்கி நிக்கும்.

ஹாலையும் கிச்சனையும் ஒண்ணாக்கி ஓப்பன் கிச்சன் பண்ணணும்னு சுவரை இடிக்கிற ஆசை இப்போ நிறைய பேருக்கு இருக்கு. தூண், பீம் போட்டு கட்டின ஃபிளாட்ல நாலரை இஞ்ச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான், ஆனா சுவர் மேலயே தளம் உக்காந்திருக்கிற பழைய வீடுகள்ல, குறிப்பா மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல் அடுக்கின தளம்) போட்ட வீடுகள்ல ஒன்பது இஞ்ச் சுவரை தொட்டா வீடே ஆடும். மேஸ்திரி "ஒண்ணும் ஆகாதுங்க, நான் பார்த்துக்கறேன்"னு சொல்றதை வச்சு இடிக்காதீங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூட்டிட்டு வந்து காட்டி எழுத்துல வாங்குங்க, ஃபிளாட்னா அசோசியேஷன் சம்மதமும் வேணும். இதுல என்னோட அபிப்ராயம், தினமும் தாளிக்கிற, மீன் வறுக்கிற வீட்டுக்கு முழுசா திறந்த கிச்சன் ஒத்துவராது, மிளகாய் நெடி சோஃபா வரைக்கும் வரும். சுவத்துல இடுப்புக்கு மேல ஒரு ஜன்னல் மாதிரி திறந்து ஸ்லைடிங் கண்ணாடி போட்டா வெளிச்சமும் வரும், பேச்சுத் துணையும் கிடைக்கும், தாளிக்கும்போது மூடிக்கலாம்.

சிம்னி போடறதா இருந்தா வெளிய காத்தை தள்ளற டக்ட் வச்சதா போடுங்க, ஆறு இஞ்ச் குழாய், முடிஞ்ச அளவு நேரா, குறைஞ்ச வளைவோட. உள்ளேயே காத்தை சுத்தி விடுற டக்ட் இல்லாத மாடல் நம்ம சமையலுக்கு தாங்காது. நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னல்ல சரியான இடத்துல இருந்து வேலையும் செஞ்சா சிம்னியே இல்லாமலும் காலம் தள்ளலாம், அதை கழட்டி எண்ணெய்ப் பிசுக்கை கழுவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இப்போ நம்ம ஊர் பக்கம் நிறைய வீட்டுக்கு பொருந்துற நடு வழியைப் பத்தி சொல்லணும், செமி மாடுலர்னு சொல்லுவாங்க. பழைய வீட்டுல மேடைக்கு கீழ செங்கல் தடுப்போ கடப்பா கல் தட்டோ ஏற்கனவே இருக்கும். அதை இடிச்சுட்டு பிளைவுட் பெட்டி வைக்கச் சொல்லி விக்கறவங்க சொல்லுவாங்க, ஆனா கல்லு கரையான் அரிக்காது, தண்ணியில ஊறாது, இன்னும் முப்பது வருஷம் இருக்கும். அதை வச்சுக்கிட்டே முன்னாடி ஃபிரேம் அடிச்சு கதவு போட்டு, உள்ள மரச்சட்டம் வச்சு சேனல், அதாவது ட்ராயர் ஓடுற தண்டவாளம் மாட்டி ஸ்டீல் கூடைகளை இழுக்கிற மாதிரி பண்ணிடலாம். முழு மாடுலர் விலையில பாதி கூட ஆகாது. குறை என்னன்னா தடுப்புச் சுவர் நாலு இஞ்ச் இடத்தை தின்னும், பழைய கட்டுமானத்துல மூலை மட்டம் சரியா இருக்காது, அதனால ரெடிமேட் அளவு கதவு பொருந்தாது, வீட்டுக்கே வந்து அளந்து செய்யுற கார்பெண்டர் வேணும். தரைத்தள வீடா இருந்து மழைக்காலத்துல தண்ணி ஏறுற ஏரியான்னா எனக்கு இதுல ரெண்டாவது யோசனையே கிடையாது. 2015 டிசம்பர், அப்புறம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த ரெண்டு வெள்ளத்துலயும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் கீழ் வீடுகள்ல தண்ணி நின்னுச்சு, மரத்தூளை அழுத்தி செஞ்ச பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் அலமாரியெல்லாம் பிஸ்கெட் டீயில ஊறின மாதிரி உப்பி உதிர்ந்துடும், கடப்பா கல்லை கழுவி விட்டுட்டு திரும்ப பாத்திரம் அடுக்கலாம். அந்த மாதிரி வீட்டுல கதவுக்கு பிவிசி, இல்லைன்னா அலுமினியம் போடுங்க.

புதுசாவே கேபினட் செய்யறதா முடிவானா சிங்க்குக்கு கீழ் பெட்டிக்கு மட்டுமாவது ஐஎஸ் 710 தர முத்திரை இருக்கிற பிடபிள்யூபி (கொதிக்கிற தண்ணியிலயும் பிரியாத) பிளைவுட் கேளுங்க, மத்த இடத்துக்கு அதை விட ஒரு படி கம்மியான ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் போதும், பலகை வீட்டுக்கு வந்து இறங்கும்போது அந்த முத்திரையை நீங்களே பாருங்க. மேடைக்கு கிரானைட்டை விட பொருத்தமானது நம்ம சமையலுக்கு இன்னும் வரல, மார்பிள்ல புளியும் எலுமிச்சையும் பட்டா பளபளப்பு போய் தடம் விழும், குவார்ட்ஸ்ல ரெசின் கலந்திருக்கு, அடுப்புல இருந்து இறக்கின சட்டியை நேரா வச்சா கறை பிடிக்கும். இருக்கிற கிரானைட் விரிசல் இல்லாம இருந்து பளபளப்பு மட்டும் போயிருந்தா அதை ஆளை வச்சு பாலிஷ் போடலாம், புதுக் கல் மாதிரியே வந்துடும், மாத்தவே வேண்டாம். பழைய வீட்டுல ரெட் ஆக்சைடு தரையோ ஆத்தங்குடி டைல்ஸோ இருந்தா தயவுசெஞ்சு அதை கொத்தி எடுத்துட்டு வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டிடாதீங்க, அந்தத் தரையை இப்போ போட ஆள் கிடைக்கிறதே கஷ்டம், தேச்சு மெழுகு போட்டா திரும்ப மின்னும்.

அடுத்து, அந்த வீட்டுல இன்னும் எவ்வளவு காலம் இருக்கப் போறீங்கன்னு நேர்மையா யோசிங்க. பத்து வருஷத்துக்கு மேல இருக்கப் போற சொந்த வீடுன்னா பைப்புல இருந்து பண்றது நியாயம். ரெண்டு மூணு வருஷத்துல வித்துட்டு போகலாம்னு எண்ணமிருந்தா, வாங்கறவங்க பெரும்பாலும் அவங்க விருப்பத்துக்கு திரும்ப மாத்துவாங்க, கசிவை நிறுத்தி பெயின்ட் அடிச்சு நல்ல லைட் போட்டா போதும். வாடகைக்கு விடுற வீட்டுல ட்ராயர் சேனல், சாஃப்ட் குளோஸ் எல்லாம் வேண்டாம், கடப்பா தட்டும் நல்ல கதவும் நிறைய பிளக் பாயிண்ட்டும் குடியிருக்கிறவங்களுக்கு அதிகமா உபயோகப்படும். நீங்களே வாடகை வீட்டுல இருந்தா தனியா நிக்கிற ஸ்டீல் ரேக், சக்கரம் வச்ச டிராலி, மேடை விளிம்புல மாட்டுற எல்இடி லைட் இதோட நிறுத்திக்கோங்க, போகும்போது கையோட எடுத்துட்டு போகலாம்.

நாள் கணக்கும் முடிவுல ஒரு பங்கு. கதவு மட்டும்னா வீட்டுல நடக்கிற வேலை ஒரு வாரத்துல முடியும், முழுசா கொத்தி பண்ணினா ஒரு மாசத்துக்கு மேலயே எடுத்துக்கும், ஃபேக்டரியில இருந்து கேபினட் வரணும்னா அந்த நாள் தனி. கைக்குழந்தையோ மூச்சுத் தொந்தரவு இருக்கிற பெரியவங்களோ வீட்டுல இருந்தா கிரானைட் வெட்டுற தூசி ஆகவே ஆகாது, வெட்டற வேலையை கடையிலயே முடிச்சு கொண்டு வரச் சொல்லுங்க, இல்லைன்னா அந்த நாட்கள்ல அவங்களை வேற வீட்டுல தங்க வைக்கணும். சென்னையில அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உடைக்கிற வேலையை ஆரம்பிக்காதீங்க, பூச்சு காயாது, ஈரச் சுவத்துல அலமாரியை மாட்டினா பூஞ்சை பிடிக்கும், இது போதாதுன்னு தீபாவளிக்கு ஊருக்கு போன வேலையாட்கள் எப்ப திரும்புவாங்கன்னும் தெரியாது. பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சா வெயிலுக்குள்ள முடிச்சுடலாம். முழு வேலைன்னா பால்கனியிலயோ யுடிலிட்டியிலயோ ஒரு இண்டக்ஷன், ஒரு தண்ணி டேப், ஒரு சின்ன மேஜைன்னு தற்காலிக அடுக்களை போட இடமிருக்கான்னு முதல்லயே பாருங்க, இல்லைன்னா மாசம் முழுக்க வெளி சாப்பாட்டுச் செலவையும் பட்ஜெட்ல எழுதுங்க.

பட்ஜெட் போடும்போது பின்னாடி மாத்த முடியாததுக்கு முதல்ல பணம் ஒதுக்குங்க, அதாவது பைப், வயர், மேடை, அதுக்கப்புறம் தினமும் இழுக்கிற சேனல், கீல், அதுக்கப்புறம்தான் கதவோட மேல்பூச்சு. கதவு லேமினேட்டை அஞ்சு வருஷம் கழிச்சு கூட மாத்தலாம். கொட்டேஷன்ல பதினஞ்சு இருபது சதவீதம் கூடுதலா கையில வச்சுக்கோங்க, முழுசா கொத்தற வேலையில சுவத்தை திறந்தா உள்ள என்ன இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, உடைக்காத வேலைன்னா அந்த அளவு தேவைப்படாது. ரெண்டு மூணு பேர்கிட்ட விலை வாங்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே பொருள் எழுதிக் கொடுங்க, ஏன்னா ஒருத்தர் ரன்னிங் ஃபீட்ல, அதாவது நீளத்தை மட்டும் அளந்து சொல்லுவார், இன்னொருத்தர் முன்பக்க சதுர அடியில சொல்லுவார், கூடை, சேனல் எல்லாம் தனின்னு இன்னொருத்தர், ஒப்பிடவே முடியாது. கல்லுக்கு சிங்க் கட்டிங், விளிம்பு பாலிஷ், ஸ்டவ் ஓட்டை, லிஃப்ட் இல்லாத மாடின்னா தூக்குக் கூலி, உடைச்ச குப்பையை லாரியில எடுத்துட்டு போற செலவு, ஜிஎஸ்டி, இதெல்லாம் உள்ளயா வெளியயான்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வாங்குங்க.

பணத்தை வேலை முடிய முடிய கொடுங்க, கடைசி பத்து சதவீதத்தை எல்லா டேப்பையும் திறந்துவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சா இறக்கிவிட்டு, எல்லா பிளக்லயும் மிக்சியைப் போட்டுப் பார்த்து, ஒரு மாசம் சமைச்ச அப்புறம்தான் கொடுப்பேன்னு வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே சொல்லிடுங்க, ஒத்துக்காத ஆளுன்னா வேற ஆளைப் பாருங்க.